செண்பகத்தோப்பில் ஒரு கயிற்றுப் பாலம்

அணிலுக்குப் பாலம் கட்டத் தெரியுமா என்று யாரோ போனில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் முதலாளி தெரியும் என்று சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில், பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் குழந்தைகள் ஏறி விளையாடுகிற கயிற்று வலைகளைச் செய்து விற்கும் கம்பெனி எங்களுடையது. "குழந்தை ஏறுற வலையில அணில் ஏறாதுங்களா சுகந்தி?" என்பது அவர் வாதம். வலையைக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. பல வருடங்களாக ஏறும் வலை விற்கிறேன். ஒரு முறையும் ஏறியதில்லை. பரணில் இருந்து அண்டா எடுக்க ஸ்டூல் மேல் நின்றாலே எனக்குக் கால் நடுங்கும்.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையைக் குறுக்காக வெட்டி, அந்தப் பக்கம் வருசநாட்டுக்கு ஒரு நெடுஞ்சாலை போட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. அந்த மலையில் புலி இருக்கிறது, யானை இருக்கிறது, சித்தர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டையும் வனத்துறை கணக்கெடுக்கிறது. மூன்றாவதைக் கணக்கெடுக்க ஆளில்லை. இவை போக, சாம்பல் நிற மலையணில் ஒன்று இருக்கிறது. பூனையளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால். மரத்துக்கு மரம் தாவியே காலத்தை ஓட்டிவிடும். தரையில் இறங்க மனம் வராது. சாலை வந்து மரங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அது எப்படிக் கடக்கும் என்று கேள்வி எழுந்தது. சாலைக்கு ஆய்வு செய்கிற ஆலோசனை நிறுவனம் 'கயிற்றுப் பாலத்தில் கடக்கும்' என்று பதில் எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான், கடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. வாரக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். அதற்குள் பாலத்தைக் கட்டி, அணில் அதில் நடக்கிற வீடியோவை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் லாட்ஜ். வந்து இறங்கியதில் இருந்து, யாரிடம் வந்த காரியத்தைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "ராமருக்கு அணில் பாலம் கட்டுச்சு. இப்ப நீங்க அணிலுக்குக் கட்டுதியளாக்கும்!" பஸ் கண்டக்டர் சொன்னார். லாட்ஜ் மேனேஜர் சொன்னார். பார்சல் ஆபீசில் கயிற்றை எடை பார்த்தவர் சொன்னார். ஒவ்வொருவரும் உலகத்திலேயே தனக்குத்தான் இது முதலில் தோன்றியதுபோலச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தேன். கோயம்புத்தூர்க்காரிக்கு மரியாதை முக்கியம்.

இரவு பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவுக்குக் குருமா கிண்ணத்தில் வரும். இங்கே சால்னாவை வாளியில் கொண்டுவந்து, "போதும்" என்று நாம் சொல்வதை வேண்டுகோளாகக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஊற்றுகிறார்கள். பரோட்டா மிதந்தது.

மறுநாள் காலை செண்பகத்தோப்புப் பக்கம் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மேற்கே போகிற பாதை மலை அடிவாரத்தில் முடியும் இடம். பாலம் கட்ட இடம் கொடுத்திருந்தவர் பெருமாள்சாமி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை மிலிட்டரி என்றால்தான் தெரியும். மா, புளி, தென்னை எல்லாம் கலந்த தோப்பு. நடுவே ஒரு வண்டிப் பாதை. பாதையின் இந்தப் பக்கம் ஒரு கிழட்டுப் புளியமரம், அந்தப் பக்கம் ஒரு மாமரம். இரண்டுக்கும் நடுவேதான் பாலம்.

ஆலோசனை நிறுவனத்தில் இருந்து கோகுல் என்று ஒரு இளம் இன்ஜினியர் வந்திருந்தான். சென்னைப் பையன். கழுத்தில் கேமரா, கையில் டேப்லெட், முகத்தில் தூக்கம்.

"ரோடு வந்தே ஆகணும்மா," என்று மிலிட்டரி ஆரம்பித்தார். எனக்கு நாற்காலி போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "நான் லடாக்குல இருந்திருக்கேன். மூச்சு விட முடியாத உசரத்துல, பனியில, ரோடு போட்டிருக்கோம். இது என்ன மலை? அந்தா பாருங்க, அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் எம் மக வீடு. வருசநாட்டுல கட்டிக் குடுத்திருக்கு. காக்கா பறந்தா செத்த நேரத்துல போயிரும். நான் போகணும்னா மூணு பஸ் மாறி, ஊரெல்லாம் சுத்தி, ஒரு நாப் பொழப்பு போயிரும். பேரன் பொறந்தப்பப் பாத்தது. இப்ப நடக்கானாம். ரோடு வரட்டும், ஒரே அழுத்தா அழுத்திப் போய் இறங்கிருவேன்."

"ரோடு வந்தா நீங்க போறது இருக்கட்டும்," என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி அன்னத்தாய். "மருமகன் வாரா வாரம் வந்து உக்காந்துக்கிடுவாரு. அவியளுக்குக் கோழி அடிச்சுப் போடுறது யாரு?"

வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. கோகுல் குனிந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டான்.

பார்சலைப் பிரித்துப் பச்சை நைலான் வலையை விரித்தபோது வனக்காப்பாளர் ஜெபராணி வந்தார். காக்கிச் சீருடை, கழுத்தில் சின்னச் சிலுவை, வேகமான நடை. வலையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது பிளாஸ்டிக்கு. அணில் கடிக்கும். கடிச்சா வயித்துக்குள்ள போகும். இது இங்க தொங்கக் கூடாது."

"பிளாஸ்டிக்தாங்க, ஆனா குழந்தைங்க கடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன். கம்பெனி விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

"உங்க ஊருப் புள்ளைக வலையக் கடிக்குமோ?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். அதோடு நைலான் முடிந்தது. மரத்தில் உரசாமல் இருக்க வைத்திருந்த ரப்பர் பட்டைகளும் அதே காரணத்தால் திரும்பப் பெட்டிக்குள் போயின. தேங்காய் நார்க் கயிறு போடலாம், மரத்தைச் சுற்றிப் பருத்தித் துணி போடலாம், பழம் கிழம் வைத்து அணிலை இழுக்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு ஜெபராணி போய்விட்டார்.

முதலாளியிடம் போனில் சொன்னேன். "நம்ம கம்பெனி வலையே இல்லாம நம்ம பாலமுங்களா?" என்று வருத்தப்பட்டார். பிறகு, "வர்றப்ப பால்கோவா வாங்கிட்டு வாங்க" என்றார்.

மதியம் சாப்பாடு அன்னத்தாய் வீட்டில். "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்று கேட்டார். எனக்கு வெஞ்சினம் என்று காதில் விழுந்தது. காலையில் நடந்த தகராறில் என்மேல் கோபமோ என்று பயந்து, "ஒண்ணும் வேண்டாமுங்க" என்றேன். வெறும் சோறும் குழம்பும் வந்தன. பக்கத்தில் மிலிட்டரியின் தட்டில் வறுத்த கத்தரிக்காய், கூட்டு, வற்றல் எல்லாம் இருந்தன. தொட்டுக்கொள்ளும் காய்கறிக்குத்தான் இங்கே வெஞ்சனம் என்று பெயர். இது விளங்குவதற்குள் நான் முக்கால் சோற்றைத் தின்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பருத்தித் துணி தேடி ராஜபாளையத்தில் அலைந்தேன். நூற்பாலைகளும் பேண்டேஜ் துணி நெய்கிற கூடங்களும் நிறைந்த ஊர். ஒரு கூடத்தில் நுழைந்து கழிவுத் துணி கிடைக்குமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"யாருக்கு அடி?"

"மரத்துக்குங்க."

அவர் உள்ளே திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். 'செட்டு' என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. மரம் என்று அர்த்தமாம். உள்ளே இருந்த தறிச் சத்தத்தையும் தாண்டி ஒரு கூட்டமே சிரித்தது. ஆனால் மனசு நல்ல மனசு. கறை பட்டு ஒதுக்கிய பேண்டேஜ் துணியில் ஒரு மூட்டையை இலவசமாகவே கொடுத்தார். "மரம் சீக்கிரம் சொகமாகட்டும்" என்றார்.

துணி மூட்டை, நார்க் கயிற்றுச் சுருள்கள், நான் ஆகிய மூன்றும் ஒரு ஆட்டோவில் செண்பகத்தோப்புக்குப் போனோம். வழியில் ஒரு கயிற்றுச் சுருள் நழுவி அவிழ்ந்து, எங்களுக்குப் பின்னால் நீளமாக இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பைக்கில் ஒருவர் துரத்தி வந்து, "ஏலே, யாரையும் கட்டி இழுத்துட்டா போற?" என்று கத்திய பிறகுதான் டிரைவர் நிறுத்தினார்.

தென்னை ஏறுகிற இரண்டு பேர் மரத்தில் ஏறினார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கட்டளையிட்டேன். மாலைக்குள் வேலை முடிந்தது. இரண்டு மரங்களின் தண்டுக்கும் கிளைக்கும் வெள்ளைக் கட்டு. நடுவே ஏணி போலப் பின்னிய பழுப்பு நிறக் கயிற்றுப் பாலம். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு பேர் கை கோத்திருப்பதுபோல இருந்தது. கோகுல் பல கோணங்களில் படம் எடுத்தான்.

இனி அணில் வர வேண்டியதுதான் பாக்கி.

அணில் அங்கேயேதான் இருந்தது. புளியமர உச்சியில் அதன் கூடு. மறுநாள் விடியும்போது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. நான் முதல் முறையாக அதைப் பார்த்தேன். சாம்பல் முதுகு, ரோஜா நிற மூக்கு, திரைச்சீலை போலத் தொங்குகிற வால். பாலத்தின் அருகே வந்து உட்கார்ந்து, வெள்ளைத் துணிக் கட்டை ஒரு முறை பார்த்தது. என்னை ஒரு முறை பார்த்தது. பிறகு திரும்பி, பின்பக்கக் கிளைகள் வழியாக, கிணற்றைச் சுற்றி வளர்ந்திருக்கும் மரங்களில் ஒவ்வொன்றாகத் தாவி, தோப்பையே ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கத்து மாமரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு சப்பட்டை மாம்பழத்தைப் பறித்து, பாதி தின்று, மீதியைக் கோகுலின் டேப்லெட் மேல் போட்டது.

"அதுக்கு அந்த வழிதான் பழக்கம்," என்றார் மிலிட்டரி.

பத்து மணிக்குக் குரங்குகள் வந்தன. அவற்றுக்குப் பாலம் மிகவும் பிடித்துப்போயிற்று. குட்டிகள் தொங்கின, தலைகீழாக ஆடின, ஒன்றை ஒன்று தள்ளிவிட்டன. எங்கள் கம்பெனி வலைகளை இவ்வளவு ஆர்வமாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கோகுலுக்கு அழுகை வராத குறை. "மேடம், ரிப்போர்ட்ல குரங்கே இல்ல மேடம்" என்றான். மிலிட்டரி தகரத்தைத் தட்டினார். குரங்குகள் தாளத்துக்கு இன்னும் வேகமாக ஆடின.

சாயங்காலம் வேறொரு சிக்கல். புளியமரத்து வெள்ளைக் கட்டின்மேல் யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அடியில் ஒரு எலுமிச்சம்பழம், பாதி எரிந்த சூடம். விறகு எடுக்கப் போகிற பெண்கள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"இது எப்பங்க சாமியாச்சு?" என்று அன்னத்தாயிடம் கேட்டேன்.

"நீதான் துணி சுத்தி வச்சிருக்க. சும்மாவா சுத்துவாகன்னு சனம் நினைக்காதா? நேத்து ஒருத்தி வேண்டிக்கிட்டாளாம், ராவே காச்சல் விட்டுருச்சாம்."

பேண்டேஜ் துணிக்கு அந்தக் குணம் உண்டுதான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அன்னத்தாய் என்னை மாமரத்துக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். புல்லுக்குள் ஒரு கல். சிவப்புப் பெயிண்ட் அடித்தது. "இது ரோட்டுக்கு ஒரு ஓரம்," என்றார். வண்டிப் பாதையைக் கடந்து, புளியமரத்தையும் தாண்டி நெடுந்தூரம் நடந்து இன்னொரு சிவப்புக் கல்லைக் காட்டினார். "இது மறு ஓரம்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் பாலம், புளி, மா, கிணறு, ஓடை எல்லாமே இரண்டு கல்லுக்கும் நடுவே இருந்தன.

"இப்பச் சொல்லு தாயி. அந்தக் கயித்த எதுல கட்டுவிய?"

அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "இந்தத் தோப்பு எங்கப்பா எனக்குக் குடுத்தது. மகளப் பாக்கணும்னு எனக்கு மட்டும் இல்லியா? இருக்கு. அவியளுக்கு எம்புட்டு இருக்கோ அம்புட்டும் எனக்கும் இருக்கு. ஆனா இந்த ஓடையில தண்ணி வராமப் போச்சுன்னா, கீழ இருக்க அம்புட்டுப் பேரும் எங்க போவாக?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் கல்லின் மேலிருந்த காய்ந்த இலையைத் தட்டிவிட்டார். எதற்குத் தட்டினார் என்று தெரியவில்லை. பெண்களுக்குக் கை சும்மா இருக்காது.

கோகுலைக் கேட்டேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இது வெறும் டெமோ மேடம். அணில் கயித்துல ஏறுமான்னு காட்டணும், அவ்வளவுதான். எந்த மரத்துல கட்டுறதுங்கிறது அடுத்த கட்டம்." முதலாளிக்குப் போன் செய்தேன். "மரம் அவங்க பிரச்சினைங்க, கயிறு நம்ம பிரச்சினை" என்றார். நான் லாட்ஜுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் வழியாக அந்த மலை கூடவே வந்தது. ஏனோ அன்றைக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கூட்டத்தன்று விடிவதற்கு முன்பே தோப்புக்குப் போனோம். கடைசி வாய்ப்பு. கோகுல் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்கிவிட்டான். கேமராவில் பேட்டரியைப் போட மறந்திருந்தான். அது பிறகுதான் தெரிந்தது. மிலிட்டரி டீ கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அணில் வெளியே வந்தது. பாலத்தின் முனையில் உட்கார்ந்தது. நான் போனை எடுத்தேன். முன்னங்கால் ஒன்றைக் கயிற்றில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. மிலிட்டரி என் தோளை இறுக்கிப் பிடித்தார். அடுத்த நொடி, அணில் பாலத்தின்மேல் சரசரவென்று ஓடியது.

நட்ட நடுவில் நின்றது. குனிந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடிக்க ஆரம்பித்தது.

ஆசையாக, பொறுமையாகக் கடித்தது. நாரைப் பிரித்துப் பிரித்துப் பந்தாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டது. மீசை முளைத்ததுபோல இரண்டு பக்கமும் நார் நீட்டிக்கொண்டிருக்க, வந்த வழியே திரும்பிப் புளியமரத்தில் ஏறிக் கூட்டுக்குள் போனது. மறுபடி வந்தது. மறுபடி கடித்தது. கூட்டுக்குள் இருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"குட்டி போட்டிருக்கு!" என்று மிலிட்டரி என் காதில் கத்தினார். ரகசியமாகப் பேசுவதாக அவருக்கு எண்ணம். "புள்ளைக்கு மெத்த போடுதும்மா! மெத்த போடுது!"

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பாலத்தின் ஒரு பக்கக் கயிறு அறுந்து கீழே தொங்கியது. அணில் கொஞ்சமும் பதறாமல் மறு பக்கத்தைக் கடிக்கத் தொடங்கியது. கயிறு அறுந்த சத்தத்தில்தான் கோகுல் கண் விழித்தான்.

"கடந்துதா மேடம்?"

வீடியோவைக் காட்டினேன். அவன் பார்த்தான். அணில் நடுவே வருகிற இடத்தில் நிறுத்தினான். "இது வரைக்கும் போதும் மேடம். இங்க கட் பண்ணிக் குடுத்துடுங்க."

"எனக்கு வெட்டத் தெரியாதுங்க," என்றேன். அது உண்மை. தெரிந்திருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவன் போனைக் கேட்டுக் கையை நீட்டியபோது நான் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "முழுசாப் போட்டா போடுங்க. இல்லைன்னா வேண்டாமுங்க."

வேறு வீடியோ இல்லாததால் முழுசாகவே போட்டான்.

கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. மேடையில் ஓர் அதிகாரி அம்மா. சுவரில் பெரிய திரை. அணில் திரையில் கயிற்றின்மேல் ஓடியபோது சாலை வேண்டும் என்பவர்கள் கை தட்டினார்கள். அது கயிற்றைக் கடித்தபோது வேண்டாம் என்பவர்கள் கை தட்டினார்கள். மீசையோடு திரும்பியபோது மண்டபம் மொத்தமும் சிரித்தது. அதிகாரி அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற ஜெபராணி மட்டும், தன் வீட்டுப் பிள்ளை மேடை ஏறியதுபோலப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துத் திரையில் வரைபடம் வந்தது. மலையின் குறுக்கே நேராக ஒரு சிவப்புக் கோடு. மிலிட்டரி எழுந்தார். விறைப்பாக நின்று, மகளையும் பேரனையும் பற்றிப் பேசினார். மண்டபம் அமைதியாகக் கேட்டது. "அதனால ரோடு வேணும்," என்று முடித்தார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. அந்தப் புளியமரத்த மட்டும் விட்டுட்டு, செத்த வடக்க தள்ளிப் போடணும். புள்ள பெத்த வீட்ட இடிக்கக் கூடாது."

அதிகாரி அம்மா கோகுலைப் பார்த்தார். "வரைஞ்சு காட்டுங்க தம்பி."

கோகுல் டேப்லெட்டில் கோட்டைக் கொஞ்சம் வளைத்தான். திரையில் சாலை வளைந்தது. அதைப் பார்த்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

"ரோடு வரட்டும், ஓடைய விட்டுருங்க," என்றார் ஒரு விவசாயி. கோடு வளைந்தது. காட்டில் தேன் எடுக்கிற பளியர் பழங்குடிப் பெண் ஒருவர் எழுந்து, "தேன்பாறைக்கு இந்தப் பக்கம் வெடி வைக்கக் கூடாது. வெடி வச்சா ஈ ஒரு வருசம் வராது" என்றார். இன்னொரு வளைவு. அமாவாசைக்கு மலை ஏறுகிற பக்தர் ஒருவர், "நடந்து போற பாதைக்குக் குறுக்க காரு வந்தா சாமிக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். பெரிய வளைவு. யானை வழியைச் சொல்ல வேறொருவர், தன் தென்னந்தோப்பைச் சொல்ல இருவர். கோகுலின் விரல் ஓயவில்லை. கோடு வடக்கே போய்க்கொண்டே இருந்தது. கிருஷ்ணன்கோவிலைத் தொட்டது. கல்லுப்பட்டியைத் தொட்டது. உசிலம்பட்டிப் பக்கம் திரும்பி, ஆண்டிப்பட்டி வழியாக இறங்கி, ஒருவழியாக வருசநாட்டில் போய் முட்டியது.

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தம்பி, இது இப்ப பஸ் போற ரோடுதான?"

மண்டபம் இடிந்து விழுந்ததுபோலச் சிரிப்பு. இரு கட்சியும் சேர்ந்து சிரித்தது. கோகுலும் சிரித்துவிட்டான். பாவம், அந்த வாரத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எல்லோர் கருத்தும் பதிவாகிவிட்டது, ஆய்வை மறுபடி செய்ய வேண்டியிருக்கும், முடிவு பிறகு என்று அறிவித்துவிட்டு அதிகாரி அம்மா புறப்பட்டார். சாலை வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. சிவப்புக் கல் இரண்டும் புல்லுக்குள் இருக்கின்றன என்று கேள்வி.

மிலிட்டரி மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் வாழைமரத்துப் பக்கம் நின்றிருந்தார். அன்னத்தாய் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பஸ் ரோடு நேத்தும் இருந்துச்சு, முந்தா நாளும் இருந்துச்சு," என்றார் மெதுவாக. "வராத ரோட்டுக்காக, இருக்க ரோட்டுல போகாம உக்காந்திருக்கிய."

மிலிட்டரி வாழைமரத்தின் காய்ந்த இலை ஒன்றை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், எதிரே இருந்த கடையில் முதலாளிக்குப் பால்கோவா வாங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பி, ராஜபாளையத்தில் இருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு மாறினேன். உள்ளே மூன்றாவது வரிசையில் மிலிட்டரி உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, புது ஷேவிங். மடியில் ஒரு சாக்கு, காலடியில் ஒரு சாக்கு. மாம்பழ வாசனை பஸ் முழுக்க. கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லுப்பட்டியில மாறி, உசிலம்பட்டியில மாறி, ஆண்டிப்பட்டியில மாறணும்," என்று என்னைப் பார்த்ததும் சொன்னார், தப்புச் செய்து பிடிபட்டவர்போல. "பேரன் நடக்கானாம். ஓட ஆரம்பிச்சுட்டான்னா பொறவு பிடிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுக்கவில்லை. அதை அவர் விடுவதாக இல்லை. பஸ் ஊரைத் தாண்டியதும் மலை தெரிந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. வளைவு வரும்போதெல்லாம் அவர் கழுத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வருசநாடு போற வரைக்கும் மலை இப்படி இடது கைப் பக்கந்தாம்மா இருக்கும்," என்றார். குரலில் ஒரு கவலை இருந்தது. "சாமி இருக்க மலை. இடமாச் சுத்தக் கூடாதும்பாக."

அடுத்த வளைவு வருவதற்குள் அவரே கணக்குப் போட்டு முடித்துவிட்டார். முகம் தெளிந்தது.

"அது பரவால்ல. திரும்பி வரும்போது வலமா வந்துரும்லா."